பதினோரு மெட்டும் ஒரு தொப்பியும்

எனக்குக் கல்யாணம் பேசியபோது என் வருங்கால மாமனார் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். நான் ட்ரம்பெட் ஊதுவதை விட வேண்டும். எனக்கு நிரந்தர வேலை இல்லாதது பற்றியோ, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டது பற்றியோ அவர் அதிகம் கேட்கவில்லை. பலாபத்வலைக்கு மேலே ஒரு கொக்கோ தோட்டத்தில் கணக்கு எழுதுகிற ஸ்டோர் கிளாக்கர் அவர். "பேண்ட்காரனுக்குப் பொண்ணக் குடுத்தான்னு ஒருத்தன் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

நான் உடனே சரி என்றேன். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. அதில் பன்னிரண்டு வருடங்கள், மாத்தளை மாவட்டத்துக்கு வெளியே யாரும் கேள்விப்படாத, உள்ளேயும் பலர் கேள்விப்படாத பேண்ட்களில் கழிந்திருந்தன. அவ்வளவு வருடம் ஊதியும் நான் நன்றாக ஊதுகிறேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. பெண் வேண்டாம், ட்ரம்பெட்தான் வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

நான் பேண்டுக்கு வந்தது சங்கீத ஆசையால் அல்ல. முதலில் சுண்ணாம்புச் சூளையில் ஒரு வருடம் வேலை செய்தேன். அதில் மிஞ்சியது இருமல். பிறகு ரப்பர் பால் வெட்டினேன், மிளகு பறித்தேன், தம்புள்ளைக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன். ஓரிடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நின்றால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். வேலை இல்லாமல் மாத்தளை டவுனில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மாதத்தில், வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவர் வீட்டுச் சாவுகளுக்கு வாசிக்கும் பேண்டில் பெரிய ட்ரம்மைச் சுமக்க ஆள் வேண்டும் என்றார்கள். சாவு வீட்டில் சாப்பாடு உண்டு என்றும் சொன்னார்கள். அதுவரை நான் பார்த்த வேலைகளில் சாப்பாட்டை முன்கூட்டியே சொன்ன வேலை அது ஒன்றுதான்.

அந்த பேண்டின் ட்ரம்பெட்காரர் ஒரு நாள் மத்திய கிழக்கில் டிரைவர் வேலைக்குக் கிளம்பினார். போகிற அன்று ட்ரம்பெட்டை என் கையில் கொடுத்து, துரு ஏறாமல் பார்த்துக்கொள், வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவர் திரும்பி வரவே இல்லை. நல்ல நிலையில் இருப்பதாகக் கேள்வி. துரு ஏறாமல் இருக்க வேண்டுமானால் ஊத வேண்டும் என்று நானாக முடிவு செய்து ஊத ஆரம்பித்தேன். சூளைச் சுண்ணாம்பு சுவாசத்தில் போனவன் இதையெல்லாம் ஊதக்கூடாது என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா சொன்னார். என் ஊதலைக் கேட்ட பிறகு சொன்னதால், அது என் உடம்புக்காகச் சொன்னதா, அவர் காதுக்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

அந்த பேண்ட் கலைந்தது. இன்னொன்றில் சேர்ந்தேன், அதுவும் கலைந்தது. கடைசியில் நின்றது நாங்கள் மூன்று பேர்தான். அக்கோடியன் வாசித்தவர் டவுனில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நண்பர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நானா என்று கூப்பிடுவோம். தான் வாசிப்பது பள்ளிவாசல் பெரியவர்களுக்குத் தெரியாது என்று நானா நம்பினார். அதனால் ஊர்வலங்களில் முகத்தை அக்கோடியனுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே நடப்பார். இரண்டு தடவை சாக்கடையில் இறங்கியிருக்கிறார். அவர் வாசிப்பது டவுனில் தெரியாத ஆள் கிடையாது.

ட்ரம் அடித்தவன் சீகிரியாவைச் சேர்ந்த சிங்களவன். ஒரு ஓட்டலில் தோட்ட வேலை செய்துகொண்டிருந்தான். அவனுக்கு ஒரு காது கேட்காது. மற்றக் காதும் ட்ரம் அடிக்கும்போது கேட்காது. எண்பத்து மூன்று கலவரத்தில் டவுனில் கடைகளை எரித்தபோது நான் மேலே தோட்டத்தில், என் அக்காள் இருந்த லயத்து வரிசை வீட்டில் இருந்தேன். ட்ரம்பெட், நான் வாடகைக்கு இருந்த அறையில் கிடந்தது. இவன் போய் அதை எடுத்து, சாக்கில் சுற்றி, சீகிரியாவுக்குக் கொண்டுபோய்த் தன் வீட்டு நெல் பெட்டிக்குள் எட்டு மாதம் வைத்திருந்தான். அறை எரிந்தது. என் துணிகளும் பாயும் போயின. ட்ரம்பெட் திரும்பி வந்தது. பிறகு இரண்டு வாரம் ஊதும்போதெல்லாம் உமி பறந்தது.

எங்களுக்குத் தெரிந்தது மொத்தம் பதினோரு மெட்டு. ஒருவருக்கும் இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. பாட்டுகளின் பெயரும் பாதி தெரியாது. அதனால் எண் போட்டு வைத்திருந்தோம். நாலாம் நம்பர் வேதக்கோயில் பாட்டு, ஏழாம் நம்பர் சிங்களவர் ஆடுகிற பைலா, இரண்டாம் நம்பர் எங்கே கேட்டது என்று மூன்று பேருக்கும் ஞாபகம் இல்லை. பதினொன்றை வைத்துக்கொண்டு சாவு, கல்யாணம், கடைத் திறப்பு, பள்ளிக்கூட கிரிக்கெட் எல்லாவற்றையும் சமாளித்தோம். சாவுக்கு மெதுவாக வாசிப்போம். கல்யாணத்துக்கு அதே மெட்டை வேகமாக வாசிப்போம். வேகமாக வாசித்தால் கோயில் பாட்டும் கால் ஆட்ட வைக்கும். மெதுவாக வாசித்தால் பைலாவுக்கும் அழுகை வரும். இதை நாங்கள் கண்டுபிடித்த பிறகு பன்னிரண்டாவது மெட்டைப் பழக வேண்டிய தேவை ஏற்படவில்லை.

ஒரே சிக்கல், மெதுவா வேகமா என்று ட்ரம்காரனுக்குச் சொல்வது. அவன் எப்போதும் எனக்குப் பின்னால் நிற்பான். கத்தினால் கேட்காது. கையால் காட்ட முடியாது, கையில் ட்ரம்பெட். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். நான் தொப்பி போட்டிருந்தால் மெதுவாக. தொப்பி இல்லாவிட்டால் வேகமாக. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து கடேட் பேண்ட் கழித்துப்போட்ட கறுப்புத் தொப்பி அது. ட்ரம்காரன் என் முகத்தைப் பார்த்து வாசித்தது இல்லை, சனத்தைப் பார்த்ததும் இல்லை. வருடக்கணக்காக என் தலையின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்து வாசித்தான். என் தலையில் நரை வந்ததை முதலில் சொன்னவன் அவன்தான்.

இப்படியே போனோம். கலேவெலவில் ஒரு காய்கறிக் கடைத் திறப்புக்கு எங்களை லொறியின் மேல் ஏற்றி வாசிக்க வைத்தார்கள். லொறிக்காரனுக்கு நாங்கள் மேலே இருப்பது தெரியாது. அவன் வெங்காயம் ஏற்றப் புறப்பட்டுவிட்டான். நாங்கள் தம்புள்ளை வரை வாசித்துக்கொண்டே போனோம், நிறுத்தினால் விழுந்துவிடுவோம் என்று நானா சொன்னார். சீகிரியாவில் ட்ரம்காரனின் ஓட்டலில் வெள்ளைக்காரர்களை வரவேற்க ஒரு வாரம் நின்றோம். நாலாம் நம்பரைக் கேட்டு ஒரு வெள்ளைக்கார அம்மா அழுதுவிட்டார். அவருடைய அப்பாவைப் புதைத்த அன்று அதைத்தான் பாடினார்களாம். மனேஜர் எங்களை அன்றைக்கே அனுப்பிவிட்டார். சோதனைச் சாவடிகளில் ட்ரம்பெட்டை வெளியே எடுத்து ஊதிக் காட்டச் சொல்வார்கள். ஊதினால் உடனே போகச் சொல்வார்கள். வேறெங்கும் என் வாசிப்புக்கு அவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்ததில்லை.

பழகுவது நானாவின் கடைக்குப் பின்னாலிருந்த துணிக்கட்டு அறையில், வாரத்தில் மூன்று பின்னேரம். அந்த அறை ஜன்னலுக்கு நேர் எதிரே, மாடியில் ஒரு தையல் வகுப்பு நடந்தது. அங்கே படிக்க வந்தவர்கள் வேறு வழியில்லாமல் எங்களைக் கேட்டார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருத்தியிடமிருந்து ஒரு துண்டுக் கடுதாசி வந்தது. ஐந்தாம் பாட்டை வேகமாக வாசிக்கும்போது மெஷின் மிதிக்கிற காலும் வேகமாகி மடிப்புத் தையல் கோணுகிறது, தயவுசெய்து மெதுவாக வாசிக்கவும் என்று எழுதியிருந்தது. நாங்கள் நம்பர் போட்டிருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஜன்னல் வழியாக நான் கத்துகிற நம்பர்களை அவள் கேட்டுக் கேட்டுப் பதினொன்றையும் மனப்பாடம் செய்திருந்தாள். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். அடுத்த துண்டில், "நன்றி. தொப்பி போட்டால் மெதுவாகத்தான் வாசிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தாள்.

அவள்தான் ஸ்டோர் கிளாக்கரின் மகள். துண்டுகள் இரண்டு வருடம் போய் வந்தன. அவற்றில் பாதி என் சுருதியைப் பற்றிய புகார்.

சம்மதம் சொன்ன கையோடு மாமனார், ட்ரம்பெட் என் கையிலேயே இருக்கக்கூடாது என்றார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அதை நானாவிடம் கொடுத்தேன். நானா அதை ஒரு கோதுமை மாச் சாக்கில் போட்டுக் கட்டினார். ட்ரம்காரன் வெளியே போய் வெற்றிலை வாங்கி வந்தான். "நாங்க ரெண்டு பேரும் என்னத்த வாசிக்கிற? எனக்கு மெட்டு தெரியாதே" என்றார் நானா. அது உண்மைதான். மெட்டு முழுவதும் ட்ரம்பெட்டில்தான் இருந்தது. நானா இத்தனை வருடமாக அதன் கீழே காற்றை நிரப்பிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், காலை பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் முகூர்த்தம். அது கிளர்ச்சிக்காரர்கள் சுவரில் துண்டுக் கடுதாசி ஒட்டினால் நாடு நின்றுவிடும் காலம். அன்று விடிந்தபோது பலாபத்வலைச் சந்தியில் துண்டு ஒட்டியிருந்தது. எந்த வாகனமும் ஓடக்கூடாது. கண்டியிலிருந்து வரவேண்டிய நாதஸ்வரக்காரர்கள் வரவில்லை. ஐயர் முதல் நாளே வந்துவிட்டதால் தப்பித்தோம். என் பக்கத்தில் அக்காளும் அத்தானும் பத்துப் பன்னிரண்டு பேரும் குறுக்குப் பாதையில் நடந்து வந்தார்கள்.

ஒன்பதரை மணிக்கு மாமனார் கோயிலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். கெட்டிமேளம் இல்லாமல் தாலி கட்ட அவர் சம்மதிக்கவில்லை. முடிச்சு விழுகிற நேரத்தில் ஒரு தும்மல் கேட்டாலும் போச்சு என்றார். தோட்டத்தில் தப்பு அடிக்கிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். கூப்பிடட்டுமா என்று கங்காணி கேட்டார். அது சாவுக்கு அடிக்கிறது, என் மக கல்யாணத்துல வேணாம் என்று மாமனார் சொல்லிவிட்டார். தோட்டத்தில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அதைத்தான் அடித்தார்கள். ஆனால் கிளாக்கர் வீட்டில் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்த்தார்கள். முகூர்த்தத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளலாம் என்று அவர் ஐயரிடம் மெதுவாகப் பேசுவதைக் கேட்டேன். அந்த நாட்களில் இன்னொரு நாள் என்பது நம்பக்கூடிய விஷயமாக இல்லை. அதோடு, என்னைப் பற்றி யோசிக்க அவருக்கு அவகாசம் கொடுப்பதும் நல்லதில்லை.

அப்போதுதான் தோட்டத்து கேட் காவல்காரர் வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். மாமனார் மணவறைக்கு வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பேசினார்.

"மாப்ள, ஒங்க ஆளுங்க ரெண்டு பேரு கேட்டுக்கு வெளிய நிக்கிறாங்களாம்."

"எனக்குத் தெரியாது மாமா."

"சாமானோட நிக்கிறாங்களாம்."

ட்ரம்காரன் முதல் நாள் ராத்திரியே நானாவின் கடையில் வந்து தங்கி, இரண்டு பேரும் டவுனிலிருந்து நடந்து வந்திருந்தார்கள். தோட்டத்துக்குள் வாசித்தால் மாமனாருக்குப் பிடிக்காது என்று, எல்லைக்கு வெளியே ரோட்டில் நின்று எனக்காக ஒரு பாட்டு வாசித்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். மெட்டு இல்லாமல் எப்படி வாசிக்க நினைத்தார்கள் என்று நான் பிறகு கேட்டேன். அதைப் பற்றி நடந்து வரும்போது இரண்டு பேரும் பேசவில்லையாம்.

"வரச் சொல்றேன்," என்றார் மாமனார். "அவங்க மட்டும் வாசிக்கட்டும். நீங்க தொடக்கூடாது."

அவர்கள் வந்து மணவறைக்குப் பின்னால், எப்போதும் நிற்கிற மாதிரியே எனக்குப் பின்புறமாக நின்றார்கள். வாசித்தார்கள். நானா காற்றை நிரப்பினார், ட்ரம்காரன் அடித்தான். சனங்கள் கொஞ்ச நேரம் கேட்டார்கள். நெல் குத்துகிற மில்லுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஐயர் நேரத்தைப் பார்த்தார். பெண்ணை அழைத்து வர வேண்டும். மாமனார் மறுபடியும் வந்து குந்தினார்.

"பாட்டு எங்க மாப்ள?"

"பாட்டு என்கிட்டதான் மாமா இருக்கு."

அவர் கோபுரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொண்ணு வந்து ஒக்கார்ற வரைக்கும் மட்டும் ஊதுங்க. ஒக்காந்துக்கிட்டே ஊதுங்க. எழும்பக்கூடாது" என்றார்.

கோதுமை மாச் சாக்கை அவிழ்த்து ட்ரம்பெட்டைக் கொடுத்தார் நானா. என் தலையில் டவுனில் வாடகைக்கு எடுத்த சரிகைத் தலைப்பா இருந்தது. என் தலையைவிடப் பெரியது. உள்ளே பத்திரிகைத் தாளை மடித்து வைத்திருந்தார்கள். கன்னம் உப்பினால் அது கண்ணுக்கு மேல் சரிந்தது. அதனால் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஊதினேன். இரண்டாம் நம்பர், வேகம். மாப்பிள்ளை மணவறையில் சம்மணம் போட்டு ட்ரம்பெட் ஊதுவதை அந்தத் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் பாட்டு நன்றாக வந்தது. என் வாழ்க்கையில் நான் தவறில்லாமல் வாசித்தது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். அவள் வந்தாள், உட்கார்ந்தாள். மாமனாரின் வலது கால் கட்டைவிரல் ஆடுவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஐயர் தாலியை எடுத்தார். நான் ட்ரம்பெட்டை நானாவிடம் கொடுத்தேன். கெட்டிமேளம் என்றால் என்னவென்று ட்ரம்காரனுக்குத் தெரியாது. ஐயர் கையைத் தூக்கியதும் பலமாக அடிக்க வேண்டும் என்று சைகையால் சொல்லியிருந்தோம். எல்லாம் சரியாக இருந்தது. மாப்பிள்ளை வெறுந்தலையோடு தாலி கட்டக்கூடாது என்று ஐயர் ஞாபகப்படுத்தினார். மாமனார் தானே வந்து, தலைப்பாவை என் மடியிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் என் தலையில் வைத்து அழுத்தினார். அவருக்கு அப்போது என் மேல் கொஞ்சம் பாசம் வந்திருந்தது என்று நினைக்கிறேன்.

ஐயர் கையைத் தூக்கினார். நான் தாலியை அவள் கழுத்தில் கொண்டுபோய் முதல் முடிச்சைப் போட்டேன். பின்னால் டும் என்று ஒரு அடி விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு டும்.

இரண்டாவது டும்முக்கும் மூன்றாவது டும்முக்கும் நடுவில் எனக்கு விளங்கிவிட்டது. நானாவும் பழக்கத்தில் அக்கோடியனை நீளமாக இழுத்தார். அது முனகியது. மாத்தளை டவுனில் சவப்பெட்டிக்குப் பின்னால் அந்த அடியைக் கேட்காதவர்கள் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தார்கள். ஆண்கள் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டினார்கள். கங்காணி கண்ணைத் துடைத்ததாகப் பிறகு சொன்னார்கள், அது புகையாகவும் இருக்கலாம். ஐயர் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றார்.

எனக்கு இரண்டு கையிலும் தாலிக்கயிறு. விட்டால் அவிழும். திரும்பினால் மந்திரம் கெடும். ட்ரம்காரனுக்குக் கத்திச் சொல்ல முடியாது.

தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள் உதடு அசையாமல் சொன்னாள். "தலப்பாவக் கழட்டுங்க."

"கையில தாலி" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். வளையல் கையை நீட்டி என் தலைப்பாவைப் பிடித்து இழுத்து எறிந்தாள். பத்திரிகைத் தாள்கள் அக்கினியின் பக்கம் பறந்தன. அடுத்த கணமே ட்ரம் வேகம் பிடித்தது. பைலா அடி. அதைவிட வேகமாக அவன் அடித்து நான் கேட்டதில்லை. அந்த அடியில் இரண்டாம் முடிச்சை நான் போட்டேன், மூன்றாவதை என் அக்காள் போட்டாள். எழுந்து நின்ற சனங்கள் உட்காருவதா அட்சதை போடுவதா என்று தெரியாமல் நின்றபடியே போட்டார்கள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு முன்னால் கோயில் வாசலில் ஒரு விசாரணை நடந்தது. தாலி ஏறியதா இல்லையா என்பதுதான் மாமனாரின் கேள்வி. சாவு மேளத்தில் ஒரு முடிச்சு, மாப்பிள்ளை தலையில் பெண் கை வைத்தது, வெறுந்தலையில் இரண்டு முடிச்சு. எல்லாவற்றையும் கழற்றி இன்னொரு முகூர்த்தத்தில் மறுபடி கட்டலாம் என்றார் அவர். என் மனைவி, அல்லது அந்த நிமிடத்தில் மனைவியா இல்லையா என்று தெரியாத அவள், தாலியைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றாள்.

ட்ரம்காரன் என்னிடம் வந்து தன் பக்கத்தைச் சொன்னான். "மச்சான், நான் ஒன் தல பாத்தேன். தொப்பி இருக்கு. மெதுவா அடிச்சேன். என் பிழ இல்ல."

நானா மாமனாரைச் சமாதானப்படுத்தப் போனார். "கவலப்படாதீங்க அய்யா. நாங்க இவ்வளவு காலம் வாசிச்சதுல ஒரு மையத்தும் கொற சொன்னதில்ல." அதுவரை மாமனாருக்கு நாங்கள் பைலா பேண்ட் என்று மட்டும்தான் தெரியும். பிணத்தைத்தான் நானா மையத்து என்கிறார், எங்கள் வேலையில் பெரும்பங்கு சாவு வீடு என்பது அப்போதுதான் தெரிந்தது. நானாவை நான் இழுத்து வந்து சாப்பாட்டுப் பந்தியில் உட்கார வைத்தேன்.

தீர்ப்பு ஐயர் கையில் இருந்தது. பஸ் இல்லாத நாளில் அவர் மாத்தளை வரை நடக்க வேண்டும். மறுபடி முகூர்த்தம் என்றால் மறுபடியும் வர வேண்டும். அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"முடிச்சு மூணும் விழுந்துச்சு. சத்தமும் இருந்துச்சு. மெதுவா இருந்துச்சா வேகமா இருந்துச்சான்னு எந்த சாஸ்திரமும் கேக்கல" என்று சொல்லிவிட்டு இலை போடச் சொன்னார்.

கல்யாணம் நிலைத்தது. ஆனால் ட்ரம்பெட் பற்றிக் கொடுத்த வாக்கும் நிலைத்தது. மாலை மாமனார் என்னைக் கூப்பிட்டு, கொடுத்த வார்த்தை ஞாபகம் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். கோதுமை மாச் சாக்கோடு ட்ரம்பெட்டை வாங்கி ஸ்டோரில் தராசுப் படிக்கற்கள் வைக்கிற இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். தோட்டத்து மனேஜர் துரையிடம் பேசி, அடுத்த வாரமே எனக்கு அதே ஸ்டோரில் வேலையும் எடுத்துக் கொடுத்தார். தன் கண் முன்னால் இருந்தால் நான் ஒழுங்காக இருப்பேன் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கொக்கோக் கொட்டையை மரப்பெட்டிகளில் போட்டு வாழை இலையால் மூடிப் புளிக்க வைப்பார்கள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கிளறி அடுத்த பெட்டிக்கு மாற்ற வேண்டும். ஐந்தாறு நாளில் எடுத்துக் காயவைக்க வேண்டும். கஷ்டமான வேலை இல்லை, நாளைக் கணக்கு வைத்திருந்தால் போதும். எனக்கு அந்தக் கணக்கு நிற்கவில்லை. ஒரு பெட்டியை இரண்டு தடவை கிளறினேன், இன்னொன்றை மறந்தேன். மறந்த பெட்டி, ஸ்டோர் முழுவதும் பழைய காடி நாற்றம் அடிக்கும் வரை தன்னை ஞாபகப்படுத்தவில்லை. பெட்டிகளின் பலகையில் விரலால் தாளம் போடுவது என்னை அறியாமல் வரும். கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அதற்கேற்ப வேகமாகப் பொறுக்கி, நல்லதையும் சொத்தையையும் ஒரே கூடையில் போட்டார்கள். மாமனார் இரண்டாவது தடவை அவரே உட்கார்ந்து பிரிப்பார்.

வீட்டில் அவள் என்னைக் கேட்டாள். "ஒங்களுக்கு ஊதணும்னு இருக்கா?"

"வாக்குக் குடுத்தாச்சே."

"நான் கேட்டது அது இல்ல" என்றாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன். இருக்கிறது என்று சொன்னால் அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் வந்துவிடும். இல்லை என்றால் பொய்.

ஐந்தாவது மாதம் காயப்போட்ட கொட்டையை மழைக்கு முன் உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டு மாமனார் ஆபீசுக்குப் போனார். நான் பாயின் மேல் உட்கார்ந்து ஒன்பதாம் நம்பரின் நடுப்பகுதியை விசிலடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் எப்போதும் எனக்குத் தடுக்கும். அன்று தடுக்காமல் வந்தது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். மழை பெய்ததை நான் கவனித்தபோது கொட்டைகள் மிதந்துகொண்டிருந்தன. துரை வந்து மாமனாரை எல்லோருக்கும் முன்னால் இங்கிலீசில் ஏசினார். முப்பது வருட வேலையில் அவர் வாங்கிய முதல் ஏச்சு. துரைக்கு முன்னால் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. மழை திடீரென்று வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். அதை நான் அருகில் நின்று கேட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை நாங்கள் குடியிருந்த காம்பராவுக்கு மாமனார் வந்தார். கையில் கோதுமை மாச் சாக்கு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"நீங்க போயி ஊதுங்க மாப்ள" என்றார்.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன் மாமா. விட்டுட்டேன்."

"நீங்க விட்டீங்க. அது ஒங்கள விடல. எனக்கு ஓய்வு வர இன்னும் ஆறு வருசம் இருக்கு. ஸ்டோரு தாங்காது."

என் மனைவி உள்ளேயிருந்து வந்து இரண்டு பேரையும் பார்த்தாள். "நான் கேக்கல அப்பா. நீங்களாக் குடுக்குறீங்க. பின்னால என்னச் சொல்லக்கூடாது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுக்குள்ள மட்டும் ஊதாதீங்க" என்றாள்.

டவுனுக்கு ஆள் அனுப்பினேன். நானாவும் ட்ரம்காரனும் அந்த ஐந்து மாதமும் ஒரு இடத்தில்கூட வாசிக்கவில்லையாம். அடுத்த வாரம் கலேவெலவில் ஒரு அரிசிக் கடைத் திறப்பு கிடைத்தது. போகிற அன்று மாமனார் தோட்டத்து கேட் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். நான் போய்விட்டேன் என்று உறுதி செய்துகொள்ள வருகிறார் என்று நினைத்தேன். தேங்காய் லொறி ஒன்று நின்றது. ஏறிக்கொண்டேன். அவர் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை.

"போற எடத்துல, எந்தத் தோட்டத்து மாப்ளன்னு யாராவது கேப்பாங்க."

"என்ன சொல்றது மாமா?"

பலகையிலிருந்து கையை எடுத்தார். "நல்லா வாசிச்சிருந்தீங்கன்னா சொல்லுங்க" என்றார்.

லொறி கிளம்பியது. அன்று கலேவெலவில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஒன்பதாம் நம்பர் நடுவில் தடுக்கிவிட்டது.